ஒரே வீடு, நாலு நாட்டுக் கொடி: ஆஸ்திரியாவின் 'டெஷன்' மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது எப்படி?

ஓல்சா. பெரிய ஆறெல்லாம் இல்லை. கிழக்குக் கரையில் போலந்தின் சியெஷின். மேற்குக் கரையில் செக் குடியரசின் செஸ்கி டியெஷின். பாலத்தில் நடந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் நாடு மாறிவிடும். பாஸ்போர்ட் கேட்க யாரும் நிற்பதில்லை.

ஆனால் 1920 வரை இது இரண்டு ஊர் இல்லை, ஒரே ஊர். ஜெர்மன் மொழியில் அதன் பெயர் டெஷன். ஆஸ்திரியப் பேரரசின் ஒரு மாவட்டத்துக்குத் தலைநகரம்.

1900-ல் இந்த ஊரின் மேற்குக் கரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறக்கும்போது அவர் ஆஸ்திரியக் குடிமகள். 20 வயதில் செக்கோஸ்லோவாக்கியா. 38 வயதில் போலந்து. 39 வயதில் ஜெர்மனி. 45 வயதில் மறுபடி செக்கோஸ்லோவாக்கியா. இத்தனைக்கும் அவர் வீடு மாறவே இல்லை!

ஒரு மாவட்டத்துக்கு எப்படி இப்படி ஆனது? விரிவாகப் பார்க்கலாம்.

டெஷன் யாருடையது?

சைலீசியா என்பது இன்றைய போலந்து, செக் குடியரசு இரண்டிலும் பரவிக் கிடக்கும் ஒரு பழைய நிலப்பகுதி. அதன் தென்கிழக்கு மூலையில் 1290 வாக்கில் டெஷன் ஒரு தனிக் குறுநாடாக உருவானது. ஆண்டவர்கள் பியாஸ்ட் என்ற போலந்து அரச வம்சத்தின் ஒரு கிளையினர். 1327-ல் இந்தக் குறுநாட்டின் மன்னர் போஹிமியா அரசரின் மேலாட்சியை ஏற்றுக்கொண்டார். போஹிமியா என்பது இன்றைய செக் குடியரசின் மையப் பகுதி.

1526-ல் போஹிமியாவின் கிரீடம் வியன்னாவின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குப் போனது. 1653-ல் டெஷனின் பியாஸ்ட் வம்சம் வாரிசில்லாமல் முடிந்ததும், ஊர் நேரடியாக ஹாப்ஸ்பர்க் கைக்கு வந்தது.

18-ம் நூற்றாண்டில் நடந்த போரில் சைலீசியாவின் பெரும்பகுதியை பிரஷ்யா பிடுங்கிக்கொண்டது. 1742-ல் ஆஸ்திரியாவிடம் மிச்சம் இருந்தது ஒரு சின்னத் துண்டுதான். டெஷன் அந்தத் துண்டில் இருந்தது.

ஆக, பின்னாளில் போலந்து 'எங்கள் வம்சம் ஆண்ட மண்' என்றும், பிராக் 'எங்கள் கிரீடத்தின் மண்' என்றும் சொல்ல, இரண்டு தரப்புக்குமே காரணம் இருந்தது.

மாவட்டம் எப்போது வந்தது?

1848 வரை ஆஸ்திரிய கிராமங்களில் அரசாங்கம் என்றால் பெரும்பாலும் ஜமீன்தார்தான். வரி வசூல், சின்ன வழக்கு விசாரணை எல்லாம் நிலப்பிரபுவின் கையில். விவசாயி அவர் நிலத்தில் கட்டாய உழைப்பு கொடுக்க வேண்டும்.

1848-ல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்தது. அந்த ஆண்டு ஜூலையில் வியன்னா நாடாளுமன்றத்தில் ஒரு இளம் உறுப்பினர், விவசாயிகளின் அடிமைக் கடமைகளை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அவர் ஹான்ஸ் குட்லிக். ஆஸ்திரிய சைலீசியாவில் பிறந்த விவசாயி மகன். அப்போது வயது 24. செப்டம்பரில் அது சட்டமானது.

ஜமீன்தார் போனால் அந்த வேலையை யார் பார்ப்பது? அதுக்காக வந்ததுதான் மாவட்டம். 1850-ல் ஆஸ்திரிய சைலீசியா ட்ரோப்பாவ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தனி மாகாணமாகவும், அதுக்குள் டெஷன் ஒரு மாவட்டமாகவும் இயங்க ஆரம்பித்தன.

ஆனால் பேரரசர் சும்மா இருக்கவில்லை. 1850களின் நடுவில் நிர்வாகத்தையும் கோர்ட்டையும் ஒரே அலுவலகத்தில் போட்டுக் கலந்தார்கள். அதாவது உங்கள் மேல் நடவடிக்கை எடுப்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே ஆபீஸ். 1868-ல்தான் இரண்டையும் மறுபடி பிரித்தார்கள். நிர்வாகத்துக்கு மாவட்டம், நீதிக்குத் தனி கோர்ட் வட்டம்.

அப்போது பழைய டெஷன் குறுநாட்டுப் பகுதியில் மூன்று மாவட்டங்கள் வந்தன: டெஷன், பீலிட்ஸ், ஃப்ரைஸ்டாட். டெஷன் மாவட்டத்துக்குள் டெஷன், யாப்லுங்காவ், ஃப்ரீடெக் என மூன்று கோர்ட் வட்டங்கள். 1901-ல் ஃப்ரீடெக் வட்டம் தனி மாவட்டமாகப் பிரிந்தது.

அந்த ஆபீஸில் என்ன வேலை?

மாவட்டத் தலைவர் மக்கள் தேர்ந்தெடுத்தவர் இல்லை. அரசு நியமித்த அதிகாரி. ஏறக்குறைய நம்ம கலெக்டர் மாதிரி. ராணுவத்துக்கு ஆள் எடுப்பது, தொழில் உரிமம், சங்கம் தொடங்க அனுமதி, பள்ளிகளைக் கண்காணிப்பது எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். அவருக்குக் கீழே கிராமங்களுக்குத் தேர்ந்தெடுத்த மன்றங்கள் இருந்தன.

இதோடு இன்னொரு வேலையும் உண்டு: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பம்.

'நீங்க என்ன மொழி பேசுறீங்க?'

1880 முதல் ஆஸ்திரியக் கணக்கெடுப்பில் எல்லோரிடமும் ஒரு கேள்வி. உங்கள் இனம் என்ன என்று இல்லை. தாய்மொழி என்ன என்றும் இல்லை. 'அன்றாடம் புழங்கும் மொழி எது?' ஒரே ஒரு மொழியைத்தான் சொல்ல முடியும்.

வீட்டில் போலிஷ், வேலையிடத்தில் ஜெர்மன், சந்தையில் செக் கலந்த உள்ளூர்ப் பேச்சு என்று வாழ்ந்தவர்கள் எதைச் சொல்வது? யூதர்கள் பேசிய இத்திஷ் பட்டியலிலேயே கிடையாது. அவர்கள் வேறு ஏதாவது ஒரு மொழிக்குள் போக வேண்டியதுதான்.

1910 கணக்குப்படி டெஷன் நகரத்தில் சுமார் 61% பேர் ஜெர்மன், 32% பேர் போலிஷ் பேசினார்கள். செக் 7% கூட இல்லை. ஆனால் பழைய குறுநாட்டுப் பகுதி முழுவதையும் எடுத்தால் கதை வேறு: போலிஷ் கிட்டத்தட்ட 55%, செக் 27%, ஜெர்மன் 18%. அதாவது நகரம் ஒரு மொழி, சுற்றியுள்ள கிராமங்கள் இன்னொரு மொழி.

பேரரசு இருந்தவரை இது ஒரு புள்ளிவிவரம். பேரரசு போனதும் இதே எண்கள் எல்லை கேட்கும் ஆதாரமாகிவிட்டன.

1918: ராஜா போனார், மாவட்டம் யாருக்கு?

முதல் உலகப் போரில் ஆஸ்திரியா தோற்றது. 1918 அக்டோபரில் டெஷனில் இருந்த போலந்து மக்கள் மன்றம், 'இந்தப் பகுதி போலந்துக்குச் சொந்தம்' என அறிவித்தது. செக் தரப்பும் தனி மன்றம் அமைத்துத் தங்கள் பகுதிகளில் பொறுப்பை எடுத்தது.

ஆனால் முதலில் சண்டை வரவில்லை. நவம்பர் 5-ம் தேதி உள்ளூர்த் தலைவர்களே உட்கார்ந்து பேசினார்கள். கிராம மன்றங்கள் எந்தப் பக்கம் என்று பார்த்து, தற்காலிகக் கோடு ஒன்று போட்டார்கள். டெஷன், பீலிட்ஸ் மாவட்டங்கள் போலந்துப் பக்கம். ஃப்ரீடெக் செக் பக்கம். ஃப்ரைஸ்டாட் மாவட்டம் பிரிந்தது.

உள்ளூர்க்காரர்கள் ஒத்துக்கொண்ட இந்தக் கோட்டை பிராக் ஏற்கவில்லை. இரண்டு காரணம். ஒன்று, கார்வினா பகுதியின் நிலக்கரி. இரண்டு, 1872-ல் முழுமையான கோஷிட்செ–போஹுமின் ரயில் பாதை. புதிய நாடான செக்கோஸ்லோவாக்கியாவில் செக் பகுதியையும் ஸ்லோவாக்கியாவையும் இணைக்கும் முக்கியப் பாதை அது. அது டெஷன் ஸ்டேஷன் வழியாகத்தான் போகிறது.

போலந்து தன் நாடாளுமன்றத் தேர்தலை 1919 ஜனவரி 26 அன்று இங்கேயும் நடத்தத் திட்டமிட்டது. அதற்கு மூன்று நாள் முன்பு, ஜனவரி 23 அன்று, செக்கோஸ்லோவாக்கியப் படை உள்ளே வந்தது. 'ஏழு நாள் போர்' என்று இதைச் சொல்கிறார்கள். வல்லரசுகள் தலையிட்டுச் சண்டையை நிறுத்தின.

வாக்கெடுப்பு என்னாச்சு?

மக்களிடமே கேட்டுவிடலாம் என்று 1919 செப்டம்பரில் முடிவெடுத்தார்கள். பிரச்சாரம் நடந்தது, மிரட்டல் நடந்தது, அடிதடியும் நடந்தது. வாக்கெடுப்பு மட்டும் நடக்கவே இல்லை.

1920 ஜூலையில் போலந்து சோவியத் ரஷ்யாவோடு பெரும் போரில் சிக்கியிருந்தது. உதவி தேவைப்பட்ட நேரம். பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் நடந்த மாநாட்டில், டெஷன் விவகாரத்தை வல்லரசுகளின் தீர்ப்புக்கே விட போலந்து சம்மதித்தது. ஜூலை 28 அன்று தீர்ப்பு வந்தது. நகரத்துக்குள் ஓல்சா ஆறுதான் எல்லை.

நிலக்கரிச் சுரங்கங்கள், ட்ரினெட்ஸ் இரும்பாலை, முழு ரயில் பாதை எல்லாம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. பீலிட்ஸும் டெஷனின் கிழக்குப் பகுதியும் போலந்துக்கு. போலிஷ் பேசும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் செக் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். லெஷ்னா கூர்னா போன்ற கிராமங்களுக்குள்ளேயே எல்லைக்கோடு ஓடியது.

ஊர் பிரிந்தால் என்ன ஆகும்?

கோட்டை, சந்தைச் சதுக்கம், பழைய தேவாலயங்கள் போலந்துக்கு. ரயில்வே ஸ்டேஷன் செக் பக்கம். ஒரு ஊருக்கு ஸ்டேஷன் இல்லை, இன்னொரு ஊருக்கு டவுன் ஹால் இல்லை! செஸ்கி டியெஷினில் 1920களின் கடைசியில்தான் புது டவுன் ஹால் எழுந்தது.

1911-ல் தொடங்கிய எலெக்ட்ரிக் டிராம், ஸ்டேஷனில் இருந்து பாலம் தாண்டி ஊருக்குள் போகும். பாலத்தில் எல்லை வந்த பிறகு 1921-ல் அது நின்றுபோனது.

எண்களும் மாறின. இன்று செக் பக்கம் இருக்கும், போலந்து உரிமை கோரிய பகுதியில் 1910-ல் போலிஷ் மொழிக்காரர்கள் சுமார் 1.24 லட்சம். 1921-ல் புதிய அரசு எடுத்த கணக்கில் போலந்து இனத்தவர் சுமார் 68 ஆயிரம். பதினோரு ஆண்டில் பாதிப் பேர் காணாமல் போனார்களா? சிலர் எல்லை தாண்டிப் போனது உண்மை. ஆனால் கேள்வியும் மாறியிருந்தது, கேட்கும் அரசும் மாறியிருந்தது.

1938 முதல் 1945 வரை

மியூனிக் ஒப்பந்தத்தில் ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவை வெட்டியபோது, போலந்தும் கெடு விதித்தது. 1938 அக்டோபர் 2 அன்று போலந்துப் படை ஆற்றைத் தாண்டியது. செக் பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான செக் குடும்பங்கள் வெளியேறின.

பதினோரு மாதம்தான். 1939 செப்டம்பரில் ஜெர்மனி வந்தது. இரண்டு கரையும் மறுபடி ஒரே ஊர், ஒரே 'டெஷன் மாவட்டம்'. ஆனால் இது பழைய டெஷன் இல்லை. யூதக் கோயில்கள் எரிக்கப்பட்டன. யூத மக்கள் நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்த டிசம்பரில் ஜெர்மன் நிர்வாகம் விரல்ரேகையோடு ஒரு பதிவு எடுத்தது. அதிலும் இனம் என்ன என்ற கேள்வி. 'போலந்துக்காரர்' என்று எழுதினால் ஆபத்து. ஏராளமானோர் 'சைலீசியர்' என்று எழுதித் தப்பிக்கப் பார்த்தார்கள்.

1945-ல் 1920 கோடே திரும்ப வந்தது. இரு நாடுகளும் அதை ஒப்பந்தம் போட்டு முடித்தது 1958 ஜூன் 13-ல்.

இப்போ அந்த மாவட்டம் எங்கே?

செக் பக்கம்: செஸ்கி டியெஷின் மாவட்டம் 1960-ல் கலைக்கப்பட்டு, கார்வினா, ஃப்ரீடெக்-மீஸ்டெக் மாவட்டங்களில் சேர்க்கப்பட்டது.

போலந்துப் பக்கம்: சியெஷின் மாவட்டம் 1975-ல் நாடு முழுக்க மாவட்டங்களை ஒழித்தபோது மறைந்தது. 1999 ஜனவரி 1 முதல் மறுபடி உயிர் பெற்றது.

2004-ல் இரு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2007 டிசம்பர் 21 முதல் பாலத்தில் சோதனை இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லை மூடப்பட்டபோது மட்டும் தினமும் வேலைக்குப் போய்வந்தவர்கள் தவித்துப் போனார்கள். எதிர்க்கரை நண்பர்களைத் தேடுவதாகப் போலந்துக் கரையில் ஒரு பேனர் கட்டினார்கள். மறுகரையில் இருந்து பேனரிலேயே பதில் வந்தது.

ஒரே பார்வையில்

- 1290 வாக்கில்: டெஷன் குறுநாடு உருவானது
- 1526: ஹாப்ஸ்பர்க் ஆட்சி
- 1850: டெஷன் மாவட்டம்
- 1868: நிர்வாகமும் நீதியும் பிரிப்பு
- 1901: ஃப்ரீடெக் தனி மாவட்டம்
- 1919 ஜனவரி: ஏழு நாள் போர்
- 1920 ஜூலை 28: நகரம் இரண்டானது
- 1938: மேற்குக் கரை போலந்திடம்
- 1939: இரு கரையும் ஜெர்மனியிடம்
- 1945: மறுபடி 1920 எல்லை
- 2007: எல்லைச் சோதனை நீக்கம்

கடைசியாக ஒரு விஷயம்

செக் குடியரசில் ஒரு ஊரில் சிறுபான்மையினர் 10% இருந்தால், அவர்கள் கேட்கும்பட்சத்தில் அவர்கள் மொழியிலும் பெயர்ப்பலகை வைக்கலாம். இப்படித்தான் இந்தப் பகுதியில் செக், போலிஷ் இரண்டிலும் ஊர்ப் பெயர்கள் தெரிகின்றன. அந்த 10%-ஐ எப்படி முடிவு செய்கிறார்கள்? அதே மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத்தான்.

1910-ல் ஒரு மாவட்ட ஆபீஸ் கேட்ட கேள்வி, பத்து வருடத்தில் எல்லையை இழுக்கும் வாதமானது. இன்று அதே மாதிரிக் கேள்வி பெயர்ப்பலகையோடு நிற்கிறது. ஓல்சா கரையில் இருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் ரொம்பவே பெரிசு.