1931ஆம் ஆண்டுப் பகிஷ்காரமும் மாணவர் தலைமையும்

1931ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி, இலங்கையின் புதிய அரசாங்க சபைக்கு நியமனப் பத்திரங்கள் ஏற்கப்பட்ட நாளாகும். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்னும் நான்கு தொகுதிகளில் அன்று ஒருவரேனும் பத்திரம் தாக்கல் செய்திலர். ஆசைக்குரிய பதவியொன்று வாயிலில் வந்து நிற்க, ஒரு குடாநாடு முழுவதும் அதனை வேண்டாவென மறுத்தமை இந்நாட்டு வரலாற்றிற் புதுமையானதொரு நிகழ்ச்சி. இதனை நிகழ்த்தியோர் செல்வரோ முதிய அரசியல்வாதிகளோ அல்லர். மாணவராயும் இளம் ஆசிரியராயும் இருந்த சிலரே.

இவர்கள் 1924ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசை நிறுவினர். அதற்கு உயிர்நாடியாய் விளங்கியவர், பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த ஹன்டி பேரின்பநாயகம். அன்னிய ஆட்சி ஒழிதல், சாதிவேற்றுமை நீங்குதல், தாய்மொழிக்குரிய இடம் அளித்தல், சிங்களரும் தமிழரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்றல் என்பன அதன் நோக்கங்கள். 1927ஆம் ஆண்டு நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது இச்சங்கத்தாரின் அழைப்பினாலேயே. அவ்வருகையைப் பெருமையோடு நினைவுகூர்வோர் பலர். அழைத்தவர்கள் நான்காண்டு கழித்து எடுத்த முடிவை ஆராய்வோர் சிலரே. அதற்குள் மாணவர் காங்கிரஸ் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றிருந்தது.

டொனமூர் ஆணைக்குழுவின் அறிக்கை 1928இல் வெளியாயிற்று. அதன்வழி எழுந்த அரசியலமைப்பு இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கியது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தது. ஆயினும் முழுச் சுயராச்சியம் தரவில்லை. தேசாதிபதியின் மேலதிகாரம் நிலைத்திருந்தது. நிதியும் நீதியும் ஆங்கில அரசின் அலுவலர் கையிலேயே விடப்பட்டன. அரைகுறை உரிமையை ஏற்பது அடிமைத்தனத்திற்கு ஒப்பமிடுவதாகும் என்பது வாலிபர் கொள்கை. 1931 ஏப்ரில் இறுதியில், இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்தியாயரின் தலைமையிற் கூடிய ஆண்டு மாநாட்டிற் பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேறியது. நியமன நாளுக்கு இரண்டு வாரமும் இல்லை. அச்சில நாட்களுள் போட்டியிட எண்ணியிருந்தோரை விலகச் செய்தமை அவர்தம் ஒழுக்கத்திற்கு ஊரார் கொடுத்த மதிப்பையே காட்டும். தமக்கென ஓர் ஆசனத்தையும் அவர்கள் நாடவில்லையாதலின் அவர் சொல் எடுபட்டது.

எனினும், தன்னலமின்மை ஒன்றே ஒரு முடிவை அறமாக்கிவிடுமோ? இங்கேதான் ஆராய்ச்சிக்குரிய இடர்ப்பாடு உளது. தென்னிலங்கையும் உடன்வரும் என அவர்கள் நம்பினர். இலண்டனிலிருந்த பிலிப் குணவர்த்தனா போன்றோர் பாராட்டினரேனும், தென்னிலங்கையில் தேர்தல் தடையின்றி நடந்தது. பிறர் உடன்வருவர் என்ற நம்பிக்கை வேறு. அவர் வாக்குறுதி வேறு. முன்னதை மட்டும் கைக்கொண்டு ஒரு சமுதாயத்தின் பிரதிநிதித்துவத்தைப் பணயம் வைத்தல் துணிவேயன்றி முன்யோசனையாகாது. மேலும், பகிஷ்காரத்தை ஆதரித்த முதியோர் அனைவரும் சுயராச்சியத்தை விரும்பியவரல்லர். இனவாரிப் பிரதிநிதித்துவம் போயிற்றே என வருந்தியோரும் அவருள் இருந்தனர். அவர் துணையை வாலிபர் மறுத்திலர். இனவாதத்தைக் கடிந்த இயக்கத்தின் செயல் இனவாதச் செயலெனத் தெற்கிற் பேசப்படுவதற்கு இதுவும் இடங்கொடுத்தது.

இவற்றினும் பெரியது மற்றொன்று. பழைய சட்டநிரூபண சபைக்கு வாக்களிக்கும் உரிமை சனத்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வர்க்கே இருந்தது. 1931இலேதான் பெண்களும், நிலமற்ற தொழிலாளரும், தாழ்த்தப்பட்டோரும் முதன்முறையாக வாக்குரிமை பெற்றனர். பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கவேண்டும் என அக்காலத்தில் எழுந்த போராட்டத்தில், மேற்சாதியார் சினத்தைப் பொருட்படுத்தாது அதன் பக்கம் நின்றவர்கள் இவ்வாலிபரே. பள்ளியிற் சம ஆசனத்துக்காக வாதாடியவர்கள் வாக்குச்சாவடியிற் கிடைத்த சமத்துவத்தை ஒத்திவைக்கச் சொன்னார்கள் என்பது விந்தையே. கற்றோரும் உடையோரும் வாக்கைத் துறந்தால் அது தியாகம். அவர்க்குச் செல்வாக்கின் வழிகள் வேறும் இருந்தன. ஒருநாளும் வாக்களித்திராதவனுக்கு அதுவே இழப்பு. அவனுடைய இசைவு மாநாட்டிற் கேட்கப்பட்டதாகத் தோன்றவில்லை.

இதனால் அவ்விளைஞரை இகழ்தல் பொருந்தாது. காந்தியடிகளை அழைத்தபோதும், சம ஆசனத்துக்காக ஏச்சும் பகையும் ஏற்றபோதும் சுமை அவர்தம் தோளிலேயே விழுந்தது. ஆதலின் அங்கே மனச்சான்று ஒன்றே போதிய வழிகாட்டியாயிற்று. பகிஷ்காரத்தில் சுமையின் பெரும்பகுதி பிறர் தோளில் விழுந்தது. அங்கே மனச்சான்றோடு விசாரணையும் வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட காலமோ சில நாட்கள்.

பகிஷ்காரம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. இடங்களை நிரப்பவேண்டும் என்ற குரல் யாழ்ப்பாணத்திலேயே எழுந்தது. 1934இல் இடைத்தேர்தல்கள் நடைபெற்றன, பருத்தித்துறையில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் தெரிவுசெய்யப்பட்டார். இனவாரிப் பிரதிநிதித்துவக் கோரிக்கை அவர் மூலம் மீண்டும் வலுப்பெற்றது. வாலிபர் காங்கிரசோ படிப்படியாய்ச் செல்வாக்கிழந்தது. பேரின்பநாயகம் 1947இல் வட்டுக்கோட்டையிற் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். பின் பாடசாலைப் பணியிலேயே நிலைகொண்டார். தெற்கிலே 1931 யூன் மாதத்தில் எளியோர் முதன்முறை வாக்களிக்கச் சென்றனர். குடாநாட்டு எளியோர் அதன்பொருட்டு மேலும் மூன்றாண்டு காத்திருந்தனர்.