கேபிள் காசு

வீட்டு வாடகையைத் தமிழ்நாட்டில் எந்த முதலமைச்சரும் மேடையேறிக் குறைத்ததில்லை. கேபிள் காசு அப்படிக் குறைந்தது. 2011 செப்டம்பர் 2ஆம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா ‘அரசு கேபிள்’ சேவையைத் தொடங்கிவைத்தபோது அறிவிக்கப்பட்ட மாதக் கட்டணம் 70 ரூபாய். அதுவரை 150, 200 என்று கொடுத்துவந்த வீடுகளுக்கு அது பாதிக்கும் கீழே. அந்த 70இல் 20 ரூபாய் அரசு நிறுவனத்துக்கு, 50 ரூபாய் தெருவில் வயர் இழுத்திருக்கும் ஆபரேட்டருக்கு. டிவி பார்ப்பதற்கான மாதச் செலவு எப்படி ஆட்சியாளர்கள் தலையிடும் அளவுக்கு வளர்ந்தது என்பது முப்பது ஆண்டுக் கதை.

தொடக்கத்தில் மாதக் காசே கிடையாது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. மொட்டைமாடியில் ஆண்டெனா நட்டால் படம் வரும். தபால் நிலையத்தில் ஆண்டுக்கொரு முறை லைசென்ஸ் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 1980களின் நடுவில் அதுவும் எடுக்கப்பட்டது. சென்னை நிலையத்தின் அலை எட்டாத தென்கோடிக் கடலோர ஊர்களில் 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி தெளிவாகத் தெரிந்தது. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கங்களில் உயரமான இரும்புக் குழாயின் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி, பூஸ்டர் வைத்து, கடலுக்கு அந்தப் பக்கத்து நிகழ்ச்சிகளைப் பார்த்த குடும்பங்கள் ஏராளம். காற்றடித்து ஆண்டெனா திரும்பிவிட்டால் ஒருவர் மேலே ஏற வேண்டும், ஒருவர் கீழே டிவி முன் நின்று குரல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் செலவு.

1991இல் நிலைமை மாறியது. வளைகுடாப் போரை சிஎன்என் நேரலையில் காட்டியது. அதே ஆண்டில் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி வந்தது. 1993 தமிழ்ப் புத்தாண்டு தினமான ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. சாட்டிலைட் சேனல் பார்க்கப் பெரிய டிஷ் வேண்டும். தனி வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு தெருவே சேர்ந்தால் ஆகும். வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர்கள், எலக்ட்ரானிக் ரிப்பேர் கடை வைத்திருந்தவர்கள், கொஞ்சம் கடன் வாங்கத் துணிந்த இளைஞர்கள் என்று பலர் இந்தத் தொழிலில் இறங்கினார்கள். மாடியில் டிஷ், ஓர் அறையில் ரிசீவர்கள், அதற்குக் ‘கன்ட்ரோல் ரூம்’ என்று பெயர். அங்கிருந்து கறுப்பு கோஆக்சியல் வயர் மாடிக்கு மாடி, தென்னை மரம், மின்கம்பம் என்று தாவித் தாவிப் போகும். தூரம் கூடக்கூடப் படம் மங்கும் என்பதால் இடையிடையே ஆம்ப்ளிஃபயர். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் தரும் தெருவில் கரண்ட் போனால், தன் வீட்டில் விளக்கு எரிந்தாலும் டிவியில் புள்ளிதான் தெரியும். வயர் யாருடையது, கம்பத்தில் கட்ட யார் அனுமதித்தார் என்றெல்லாம் முதலில் எவரும் கேட்கவில்லை. 1994 செப்டம்பரில் அவசரச் சட்டம் வந்து, 1995இல் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டமான பிறகுதான் ஆபரேட்டர்கள் தலைமைத் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று.

இந்தத் தொழிலின் உயிர் வசூலில் இருந்தது. மாதத்தின் முதல் வாரம் கேபிள்காரர் வீட்டுக்கு வருவார், அல்லது பையனை அனுப்புவார். பன்னிரண்டு மாதங்கள் கட்டம் போட்ட அட்டை ஒன்று வீட்டில் இருக்கும். காசு வாங்கியதும் அந்தக் கட்டத்தில் கையெழுத்து. “இந்த மாசம் பத்து நாள் படமே தெரியலப்பா” என்று சொல்லி இருபது ரூபாய் குறைக்கலாம். ஊருக்குப் போயிருந்த மாதத்துக்குக் கொடுக்காமல் இருக்கலாம். வசதி குறைந்த வீட்டுக்கு ஒரு கட்டணம், மாடி வீட்டுக்கு ஒரு கட்டணம் என்று ஆபரேட்டரே வைத்துக்கொள்வார். மூன்று மாதம் பாக்கி என்றால் கம்பத்தில் ஏறி வயரைப் பிடுங்குவார். காசு வந்தால் அன்று மாலையே மாட்டிவிடுவார். கட்டணம் என்பது அப்போது அச்சடித்த விலை அல்ல, இரண்டு பேருக்கு இடையிலான பேச்சு. கேபிள் பில்லைக் குறைக்கப் பாடுபடும் இன்றைய குடும்பங்கள் இழந்திருப்பது முதன்மையாக அந்தப் பேச்சைத்தான்.

அந்த ஏற்பாட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. தன்னிடம் எத்தனை இணைப்பு இருக்கிறது என்பதை ஆபரேட்டர் மேலே முழுதாகச் சொல்ல மாட்டார். ஐந்நூறு வீடு இருந்தால் நூறு, நூற்றைம்பது என்று கணக்குக் காட்டுவது இந்தியா முழுக்க வழக்கமாக இருந்தது. சேனல்காரர்கள் அதை ஈடுகட்ட விலையை ஏற்றினார்கள். ஆபரேட்டர்கள் இன்னும் குறைத்துக் காட்டினார்கள். இரண்டுக்கும் நடுவே சிக்னலை மொத்தமாக வாங்கித் தரும் பெரிய நிறுவனங்கள் முளைத்தன. சென்னையில் சன் குழுமத்தைச் சேர்ந்த சுமங்கலி கேபிள் விஷனும் ஹாத்வேயும் அப்படிப்பட்டவை.

இந்தக் கணக்கு வழக்கைச் சீராக்க மத்திய அரசு கொண்டுவந்த ஏற்பாட்டின் பெயர் கேஸ் (CAS, நிபந்தனை அணுகல் முறை). கட்டணச் சேனல் வேண்டுமென்றால் செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். இலவசச் சேனல்கள் மட்டும் போதுமென்றால் 72 ரூபாயும் வரியும். நான்கு பெருநகரங்களுக்கும் திட்டமிடப்பட்டாலும், 2003 செப்டம்பர் 1 முதல் உண்மையில் நடைமுறைக்கு வந்தது சென்னையில் மட்டுமே. சென்னைவாசிகள் செய்தது இந்த வரலாற்றில் குறிப்பிட வேண்டிய ஒன்று: பெரும்பாலோர் பெட்டி வாங்கவில்லை. முன்னணித் தமிழ்ச் சேனல்கள் பெரும்பாலும் இலவசமாகவே வந்தன. ஆங்கிலப் படமும் கிரிக்கெட்டும் வேண்டும் என்பதற்காகச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பெட்டி வாங்க அவர்கள் தயாராக இல்லை. எது தேவையில்லை என்று முடிவெடுக்கும் உரிமை கிடைத்தபோது அதைத் தயங்காமல் பயன்படுத்தினார்கள்.

அடுத்து அரசியல் உள்ளே நுழைந்தது. பெரிய கேபிள் நிறுவனங்களை அரசே எடுத்துக்கொள்ளும் மசோதாவை 2006 தொடக்கத்தில் அதிமுக அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அது சட்டமாவதற்குள் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. புதிதாக வந்த திமுக அரசு வாக்குறுதிப்படி இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. டிவி இலவசம், ஆனால் அதில் படம் வர மாதாமாதம் கேபிள் காசு வேண்டும். முன்பு பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பார்த்த குடும்பங்களும் இப்போது கேபிள் சந்தாதாரர்கள்.

2007 மே மாதம் முதல்வர் கருணாநிதியின் குடும்பத்துக்கும் அவரது உறவினர்களான, சன் குழுமத்தை நடத்திய மாறன் சகோதரர்களுக்கும் இடையே விரிசல் விழுந்தது. அக்டோபரில் அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவானது. தஞ்சாவூர், திருநெல்வேலி, கோவை, வேலூர் ஆகிய நான்கு இடங்களில் கட்டுப்பாட்டு அறைகள் திட்டமிடப்பட்டு, 2008 ஜூலையில் தஞ்சாவூரிலிருந்து ஒளிபரப்பும் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் குடும்பம் சமாதானமானது; அரசு கேபிள் படுத்துவிட்டது. மக்கள் பணத்தில் வாங்கிய கருவிகள் ஏறக்குறைய மூன்றாண்டு காலம் உரிய பயனின்றிக் கிடந்தன. அதைத்தான் 2011இல் ஜெயலலிதா எழுப்பி, சென்னை நீங்கலாக 31 மாவட்டங்களில் 70 ரூபாய்க்கு ஓட்டினார். தொடக்கத்தில் சன் குழுமச் சேனல்கள் அதில் இல்லை, பிறகுதான் வந்தன. சென்னைக்கு 2012 அக்டோபரில் வந்தது. நோக்கம் எதுவாக இருந்தாலும் ஏழை வீடுகளுக்கு அந்த 70 ரூபாய் உண்மையான நிவாரணம். ஆனால் ஒரு குடும்பச் சண்டையில் பிறந்து ஓர் ஆட்சி மாற்றத்தில் உயிர்த்த நிறுவனத்தின் மேல் அந்த விலை நின்றது என்பதையும் மறக்க முடியாது.

கேபிளில் டிஜிட்டல் முறை கட்டாயமானதும் விலை தன் வேலையைக் காட்டியது. அதற்கு முன்பே கேபிளுக்குப் போட்டியாக டிடிஎச் வந்திருந்தது: 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவை, 2006இல் டாடா ஸ்கை, அடுத்து சன் டைரக்ட். மாடியில் மறுபடியும் சிறு டிஷ் முளைத்தது. வசூல் அட்டையின் இடத்தில் ரீசார்ஜ். அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. செப்டம்பரில் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். பெட்டி வந்த பிறகு ஆபரேட்டரால் இணைப்புகளை மறைக்க முடியாது. சந்தாதாரராலும் பத்து ரூபாய் குறைத்துக் கேட்க முடியாது.

2017 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதிய விதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு சேனலுக்கும் விலை அச்சிட்டு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், வேண்டியதை மட்டும் தனித்தனியாக வாங்கலாம் என்பது சாரம். ஸ்டார் இந்தியாவும் விஜய் டிவியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2018 அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிராய் பக்கம் தீர்ப்பளித்தது. 2019 பிப்ரவரி முதல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. நூறு சேனல்கள் வரை அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய். அதன்மேல் சன் டிவி 19, கே டிவி 19, ஸ்டார் விஜய் 17. சாதாரணத் தமிழ் வீடு ஒன்று இந்த மூன்றை மட்டும் எடுத்தால் 185 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 218 ரூபாய் 30 காசு. 70 ரூபாய்க்குப் பழகிய ஊரில் இது பெரிய அடி. அந்த ஆகஸ்டில் அரசு கேபிள் தன் கட்டணத்தை 220இலிருந்து 130 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று குறைத்தது. மற்ற இடங்களில் சந்தாதாரர் கையில் நீண்ட பட்டியல் கொடுக்கப்பட்டது. தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது, பேக் எடுத்தால் மலிவு என்று விலைகள் அமைந்திருந்தன. தேர்வு செய்யும் உரிமை சட்டத்தில் இருந்தது, விலையில் இல்லை. இது சேனல் நிறுவனங்கள் திட்டமிட்டுச் செய்தது. டிராய் பின்னர் கொண்டுவந்த திருத்தங்களில் சில இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

இதற்குள் இன்னொரு திரை கைக்கு வந்துவிட்டது. 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தை ஆயிரம் ரூபாய்க்கு டிடிஎச்சில் வெளியிட கமல்ஹாசன் முயன்றபோது திரையரங்க உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள், திட்டம் நடக்கவில்லை. 2015இல் ஹாட்ஸ்டார், 2016இல் நெட்ஃபிளிக்ஸும் அமேசான் பிரைம் வீடியோவும், 2017இல் சன் நெக்ஸ்ட். எல்லாவற்றுக்கும் வழி திறந்தது 2016 செப்டம்பரில் வந்த ஜியோ; டேட்டா மலிவானதும் போனே டிவியானது. 2020 மே மாதம் ஊரடங்கில் ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாகப் பிரைமில் வெளியானது. நவம்பரில் ‘சூரரைப் போற்று’. கேபிளை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறினால் மிச்சம் என்ற எண்ணம் அப்போதுதான் நடுத்தர வீடுகளில் பரவியது.

சில காலம் மிச்சம்தான். பிரைம் ஆண்டுச் சந்தா 2016இல் அறிமுக விலையாக 499 ரூபாய். பிறகு 999. 2021 டிசம்பரில் 1,499. ஐந்தாண்டில் மூன்று மடங்கு. அதே டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் விலையைக் குறைத்தது, உண்மை. அடிப்படைத் திட்டம் 499இலிருந்து 199 ஆனது. ஆனால் ஒரே தளத்தில் எல்லாம் கிடைப்பதில்லை. கிரிக்கெட் ஒன்றில், புதுப்படம் இன்னொன்றில், சீரியல் வேறொன்றில். இவை அனைத்துக்கும் அடியில் பிராட்பேண்ட் கட்டணம். 2025 ஜூனில் பிரைம் வீடியோவில் விளம்பரமும் வந்துவிட்டது. விளம்பரம் வேண்டாமென்றால் அதற்குத் தனியே காசு. கேபிளில் பேக் என்று இருந்ததுதான் இங்கே ரீசார்ஜ் திட்டத்தோடு ஒட்டி வருகிறது.

தெரு ஆபரேட்டர்களில் பலர் அதே கம்பங்களில் ஃபைபர் இழுத்து இணையம் தருகிறார்கள். அரசு கேபிளோ 2022 நவம்பரில் மென்பொருள் தகராறு ஒன்றால் ஒரே நாளில் லட்சக்கணக்கான பெட்டிகள் முடங்கி, சந்தாதாரர்களின் நம்பிக்கையை வெகுவாக இழந்தது. 2024 ஜூலையில் டிராய் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் எடுத்துவிட்டது.

ஆனாலும் கட்டணச் சேனலைத் தனியாக வாங்கும் உரிமை விதியில் இன்னும் இருக்கிறது. பேக்தான் எடுக்க வேண்டும் என்று எந்த ஆபரேட்டரும் கட்டாயப்படுத்த முடியாது. உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதிப்பட்ட அந்த உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். ஒரு மாதம் வீட்டில் உண்மையில் ஓடும் சேனல்களை எழுதிவைத்து, அவற்றை மட்டும் கேளுங்கள். கணக்குப் போட்ட பிறகு இணையமே மலிவு என்றால் மாறுங்கள். கணக்குப் போடாமல் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டாதீர்கள்.