யெனிச்செரிப் படையும் பக்லாவாப் பணியாரமும்

துருக்கியர் தம் பணியாரங்களுள் தலையாயதாகக் கொள்வது பக்லாவா ஆகும். கோதுமை மாவைப் பிசைந்து, மெல்லிய கோலால் தாளினும் நொய்தாகத் தேய்த்து, நெய் பூசிய ஏடுகளாகத் தட்டில் அடுக்கி, நடுவே அக்குரோட்டுப் பருப்பையோ பிஸ்தாவையோ பரப்பி, போறணையில் வெதுப்பி, அதன்மேல் பாகு வார்ப்பர்.

இதன் பிறப்பிடம் குறித்துக் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் இடையே நெடிய வழக்கு உண்டு. அதெனேயசு என்னும் பண்டைய கிரேக்க ஆசிரியர் கூறும் காஸ்திரிஸ் என்பதே இதன் மூலம் என்பாருளர். ஆயின் அது பருப்பும் எள்ளும் தேனும் சேர்ந்தது. அதில் மாவேடு இல்லை. மாறாக, 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல் கஷ்காரி தொகுத்த துருக்கிய அகராதியிலே மடித்த மென்ரொட்டிக்குரிய சொல் இடம்பெற்றுள்ளது. கூடாரவாழ்வினரான மத்திய ஆசிய மக்களிடத்தே போறணை ஏது? தடித்த ரொட்டிக்கு ஈடாக மெல்லியவற்றை அடுக்கியுண்டனர் எனல் பொருத்தமுடைத்து. அவ்வடுக்கு இன்றைய வடிவம் பெற்றது ஒட்டோமன் அரண்மனைச் சமையற்கட்டிலேயாம்.

வரலாற்று மாணவர் கருதத்தக்கது அதன் சுவையன்று. அது அரசியலிற் பெற்ற இடமே. யெனிச்செரி எனப்பட்ட சுல்தானின் காலாட்படை, செஞ்சோற்றுக்கடனை வெளிப்படையான அடையாளமாகவே கொண்டிருந்தது. படைத்தலைவனின் பட்டம் 'சோர்பாஜி'. கஞ்சி காய்ச்சுபவன் என்பது அதன் பொருள். நகைப்புக்கிடமாகத் தோன்றினும் அஃது உயர்பதவியே. வீரர் தலையணியிற் கரண்டி செருகினர். படைப்பிரிவின் பெருங்கொப்பரை கொடியினும் புனிதமாகப் போற்றப்பட்டது. சம்பள நாளில் அரண்மனையில் இட்ட கஞ்சியை வீரர் தொடாதொழிந்தால் அமைச்சர் நடுங்கினர். கொப்பரை கவிழ்க்கப்படின் கிளர்ச்சி மூண்டது என்பதே பொருள். 1622இல் இரண்டாம் உஸ்மான் இப்படையினராற் கொல்லப்பட்டான். 1807இல் மூன்றாம் செலிம் அரியணை இழந்தான்.

இத்தகைய படைக்கே ரமழான் மாதம் 15ஆம் நாள் தொப்காப்பி அரண்மனையிற் பக்லாவா வழங்கப்பட்டது. பத்து வீரருக்கு ஒரு தட்டு என்பது கணக்கு. முதற்றட்டு சுல்தானுக்குரியது. ஏனையவற்றைத் துணியிற் கட்டித் தண்டிலே தொங்கவிட்டு, தட்டொன்றுக்கு இருவராகச் சுமந்து பாசறை நோக்கி நடந்தனர். இஸ்தான்புல் மக்கள் வீதியோரம் திரண்டு அவ்வணியைக் கண்டனர். மன்னனின் கொடை என்றே இதனைக் கூறுவர். எனினும், அச்சத்தின் பங்கு அதிற் சிறிதன்று.

1826 யூன் மாதம், புதிய போர்ப்பயிற்சியை எதிர்த்து யெனிச்செரியர் தம் கொப்பரைகளை இறைச்சித் திடலுக்கு மீண்டும் கொணர்ந்தனர். இரண்டாம் மஹ்மூத் இம்முறை பணிந்திலன். பீரங்கிகள் பாசறையைத் தகர்த்தன, படை கலைக்கப்பட்டது, ஊர்வலமும் அத்துடன் மறைந்தது.

பணியாரமோ நிலைத்தது. பிஸ்தா விளையும் தென்கிழக்கு நகராகிய காஸியாந்தெப்பின் பக்லாவாவுக்கு 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பெயர்க்காப்பு வழங்கிற்று. துருக்கியிலிருந்து அங்ஙனம் பதிவுபெற்ற முதற்பொருள் அதுவேயாகும்.