நுரை பொங்கும் ஜின் ஃபிஸ்: வீட்டில் கலக்கும் முன் அறிய வேண்டியவை

தே தாரேக் குடிக்கும் நமக்கு நுரையின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே தேநீர்தான், ஆனால் மேலே இரண்டு விரல் உயரத்திற்கு நுரை நின்றால் அதன் சுவையே வேறு. மேல்நாட்டு மதுக் கலவைகளிலும் இப்படி நுரைக்காகவே பெயர் பெற்ற ஒன்று உண்டு. அதுதான் ஜின் ஃபிஸ். ஜின், எலுமிச்சைச் சாறு, சீனிப்பாகு, சோடா ஆகியவற்றுடன் முட்டையின் வெள்ளைக்கருவையும் சேர்த்துக் குலுக்கினால் அதற்கு ‘சில்வர் ஃபிஸ்’ என்று பெயர். மஞ்சள் கருவைச் சேர்த்தால் ‘கோல்டன் ஃபிஸ்’. முழு முட்டையையும் சேர்த்தால் ‘ராயல் ஃபிஸ்’.

பிறந்தநாள், திருமண நாள், தீபாவளி என்று உறவினர் கூடும் வேளைகளில் இதை வீட்டிலேயே கலந்து பார்க்க விரும்புவோர் இப்போது பலர். செய்முறை எளிது. ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஒன்று, பச்சை முட்டை. மற்றொன்று, நுரைக்கு அடியில் மறைந்திருக்கும் மதுவின் அளவு. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். குடிக்காதவர்களைக் குடிக்கத் தூண்டுவது அல்ல.

எங்கிருந்து வந்தது?

ஜின் என்பது தானியச் சாராயத்தில் ஜூனிபர் என்னும் காயின் மணத்தை ஏற்றிச் செய்யும் மது. கொத்தமல்லி விதை, எலுமிச்சைத் தோல் போன்றவையும் அதில் சேர்வதுண்டு. நெதர்லாந்தின் ‘ஜெனீவர்’ என்ற மதுதான் இதற்கு முன்னோடி. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் மலிவு விலை ஜின் ஏழைக் குடும்பங்களைச் சீரழித்தது. அதைக் கட்டுப்படுத்த இங்கிலாந்து நாடாளுமன்றம் பல சட்டங்களைக் கொண்டுவந்தது. அவற்றுள் 1751ஆம் ஆண்டின் சட்டம் முக்கியமானது.

ஃபிஸ் அமெரிக்காவில் வளர்ந்தது. ஜெரி தாமஸ் என்ற அமெரிக்கர் எழுதிய மதுக் கலவை நூலின் 1876ஆம் ஆண்டுப் பதிப்பில் ஃபிஸ் வகைகளின் செய்முறை இடம்பெற்றது. சோடா ஊற்றும்போது எழும் ‘புஸ்’ என்ற ஓசையே அதன் பெயருக்குக் காரணம். 1888இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஹென்றி ராமோஸ் என்பவர் வெள்ளைக்கருவுடன் பாலாடையையும் ஆரஞ்சுப் பூ நீரையும் சேர்த்து ஒரு வகையை உருவாக்கினார். அதை நெடுநேரம் குலுக்க வேண்டும் என்பதால், அதற்கென்றே வரிசையாக ஆட்களை வேலைக்கு வைத்திருந்தார். ‘ராமோஸ் ஜின் ஃபிஸ்’ என்ற பெயரில் அது இன்றும் புகழ் பெற்றிருக்கிறது.

மலாயாவுக்கும் ஜின் புதிதல்ல. தோட்டத் துரைமார்கள் மாலையில் கிளப்பில் கூடி ‘ஜின் பாஹிட்’ குடித்த காலம் ஒன்று இருந்தது. பாஹிட் என்றால் மலாயில் கசப்பு. ஜின்னில் கசப்புச் சாறு சில துளிகள் விட்டுக் குடிப்பது. லயத்தில் இருந்த நம்மவர்க்குக் கிடைத்தது கள்ளுக்கடை. அக்கடைகளை எதிர்த்து 1946, 47ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் போராடியதும் நம் வரலாறே. குடியால் நம் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் மறந்துவிட முடியாது. ஆகவே மதுவைப் பற்றி எழுதும்போது அளவைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும்.

நுரை எப்படி உருவாகிறது?

வெள்ளைக்கருவில் ஏறக்குறைய 90 விழுக்காடு நீர். 10 விழுக்காடு புரதம். வேகமாகக் குலுக்கும்போது, சுருண்டிருக்கும் புரத இழைகள் அவிழ்கின்றன. அவை உள்ளே புகும் காற்றுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. அதனால்தான் சோப்பு நுரைபோல உடனே உடையாமல், நுரை கெட்டியாக நிற்கிறது. எலுமிச்சையின் புளிப்பு அந்த வலையை நிலைக்கச் செய்கிறது. கொழுப்பு அதைக் கெடுக்கும். ஒரு துளி மஞ்சள் கரு கலந்தாலோ, பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ நுரை சரியாக எழாது.

வெள்ளைக்கரு நுரையை மட்டும் தருவதில்லை. எலுமிச்சையின் காரத்தையும் ஜின்னின் எரிவையும் மட்டுப்படுத்தி, வாயில் பட்டுப்போல் இறங்கச் செய்கிறது. இந்த மென்மையில்தான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

தேவையான பொருள்கள் (ஒருவருக்கு)

ஜின் – 45 மில்லிலிட்டர்
எலுமிச்சைச் சாறு – 25 மில்லிலிட்டர்
சீனிப்பாகு – 20 மில்லிலிட்டர்
வெள்ளைக்கரு – 1 முட்டையினுடையது
குளிர்ந்த சோடா – 60 மில்லிலிட்டர்
ஐஸ் கட்டிகள் – ஒரு கைப்பிடி

சீனிப்பாகுக்கு ஒரு பங்கு சீனியை ஒரு பங்கு வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால் போதும்; கம்பிப் பதம் வேண்டாம். மஞ்சள் நிற லெமன் கிடைக்காவிட்டால் சந்தையில் கிடைக்கும் லீமாவ் நிப்பிஸ் போதும். லீமாவ் கஸ்தூரி சேர்த்தால் ஆரஞ்சு மணம் கூடும். போத்தல் சாறு வேண்டாம். அப்போதே பிழிந்ததுதான் சுவை.

அளவுக் கிண்ணம் இல்லையா? இருமல் மருந்துப் போத்தலோடு வரும் மில்லிலிட்டர் கோடு போட்ட சிறு மூடியைக் கழுவிப் பயன்படுத்தலாம். சமையலுக்கான அளவு மேசைக்கரண்டி ஒன்று 15 மில்லிலிட்டர். மூன்று கரண்டி ஜின் என்றால் 45. கண் மதிப்பில் மட்டும் ஊற்றாதீர்கள்.

குலுக்குவதற்கு, உடற்பயிற்சி செய்வோர் புரத மாவு கலக்கும் மூடி போட்ட குவளையே போதும். உள்ளே கம்பிப் பந்து இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடிப் போத்தலில் ஐஸ் போட்டுக் குலுக்க வேண்டாம், உடையக்கூடும்.

செய்முறை

1. முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்து வெள்ளைக்கருவை மட்டும் பிரித்தெடுங்கள். குளிர்ந்த முட்டையில் கருவைப் பிரிப்பது எளிது.

2. குவளையில் ஜின், எலுமிச்சைச் சாறு, சீனிப்பாகு, வெள்ளைக்கரு ஆகியவற்றை ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 20 முதல் 30 வினாடி வரை வேகமாகக் குலுக்குங்கள். நுரை எழுவது இந்தக் கட்டத்தில்தான்.

3. மெதுவாகத் திறந்து ஐஸ் கட்டிகளைப் போட்டு, குவளையின் வெளிப்புறம் கை தாங்காத அளவுக்குச் சில்லிடும்வரை மீண்டும் 15 வினாடி குலுக்குங்கள்.

4. 300 மில்லிலிட்டர் பிடிக்கும் உயரமான கிளாஸில், தேநீர் வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். ஐஸ் துண்டுகளும் வெள்ளைக்கருவின் இழைகளும் வடிகட்டியில் தங்கிவிடும்.

5. ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். நுரை மேலே திரளும். பிறகு கிளாஸின் நடுவில் சோடாவை மெதுவாக ஊற்றினால், நுரை விளிம்புக்கு மேல் எழுந்து நிற்கும்.

6. எலுமிச்சைத் தோலை நுரைக்கு மேல் பிடித்து ஒருமுறை பிழியுங்கள். சிலருக்குப் பிடிக்காத முட்டை வாடையை அந்த எண்ணெய் மணம் மறைத்துவிடும்.

ஒன்றை மறக்கக்கூடாது: சோடாவை ஒருபோதும் மூடிய குவளைக்குள் ஊற்றிக் குலுக்காதீர்கள். வாயு அழுத்தத்தில் மூடி தெறித்து முகத்தில் அடிக்கும்.

பச்சை முட்டை பாதுகாப்பானதா?

காப்பிக்கடையில் அரைவேக்காட்டு முட்டை சாப்பிட்டுப் பழகிய நமக்குப் பச்சை வெள்ளைக்கரு அவ்வளவு பயம் தராது. ஆனால் சால்மோனெல்லா என்ற கிருமி ஓட்டின் மேல் மட்டுமல்ல, விரிசலே இல்லாத முட்டையின் உள்ளேயும் இருக்கக்கூடும். மலேசியப் பண்ணை ஒன்றின் முட்டைகளில் அக்கிருமி இருந்ததால், 2021இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு அவற்றைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ள உத்தரவிட்டது. அக்கிருமி தொற்றினால் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்படும்.

ஜின்னும் எலுமிச்சையும் கிருமியைக் கொன்றுவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. இந்தக் கலவையின் மது அளவும் புளிப்பும் ஒரு சில நிமிடத்தில் கிருமியை ஒழித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

பாதுகாப்பான வழி, கிருமி நீக்கப்பட்ட முட்டையை வாங்குவது. பெரிய பேரங்காடிகளில் கிருமி நீக்கிய முட்டையும், பெட்டியில் அடைத்த வெள்ளைக்கருவும் கிடைக்கின்றன. பெட்டி வெள்ளைக்கரு என்றால் 30 மில்லிலிட்டர் அளந்து ஊற்றி, சற்றுக் கூடுதல் நேரம் குலுக்க வேண்டும். சாதாரண முட்டையைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் விரிசல் இல்லாத, குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்த, புதிய முட்டையை எடுங்கள். கலந்தவுடன் குடித்துவிடுங்கள், கலக்கி வைத்துக் காத்திருக்காதீர்கள்.

முதியோர், நீண்டகால நோயாளிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தோர் பச்சை முட்டையைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு முட்டையும் கூடாது, மதுவும் கூடாது.

முட்டை வேண்டாதவர்களுக்கு

சைவ உணவுக்காரர்களும் நுரையை இழக்க வேண்டியதில்லை. சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த நீரை நாம் கீழே ஊற்றிவிடுகிறோம். அந்த நீரில் இருக்கும் புரதமும் மாவும் வெள்ளைக்கருவைப் போலவே நுரைக்கும். 2014இல் பிரான்ஸ் நாட்டின் ஜோயல் ரோஸல் இதைக் கண்டு சொன்ன பிறகு, உலகெங்கும் சைவச் சமையலில் இது பரவியது. உப்புப் போடாமல் வேகவைத்து, நீரை வெள்ளைக்கருவின் பதத்திற்குச் சுண்டவைத்து, ஆறியபின் 30 மில்லிலிட்டர் சேர்த்தால் போதும். டின்னில் வரும் கடலையின் நீரிலும் செய்யலாம். உப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மது அருந்தாதவர்களுக்கு ஜின்னுக்குப் பதில் 60 மில்லிலிட்டர் அன்னாசிச் சாறு ஊற்றி இதே முறையில் செய்யலாம். அன்னாசிச் சாறு குலுக்கினால் தானாகவே நுரைக்கும். ரேஃபிள்ஸ் ஹோட்டலில் ஙியாம் தோங் பூன் உருவாக்கிய ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ கலவையின் நுரையும் அன்னாசியிலிருந்து வருவதுதான். முஸ்லிம் நண்பர்கள் வரும் திறந்த இல்ல உபசரிப்பு என்றால், இந்தப் பானத்திற்கென மது படாத குவளையும் கிளாஸும் தனியாக வைத்திருங்கள். அந்த மேசையில் மதுவே இல்லாமல் இருப்பது இன்னும் நல்லது.

நுரைக்கு அடியில் எவ்வளவு மது?

முன்னர் சொன்ன ஆபத்து இதுதான். பார்வைக்குப் பால் கலந்த சர்பத் போலவும், குடிப்பதற்கு இலகுவாகவும் இருப்பதால், உள்ளே எவ்வளவு மது போகிறது என்பது தெரியாது. 40 விழுக்காட்டு ஜின் 45 மில்லிலிட்டரில் 18 மில்லிலிட்டர் தூய மது இருக்கிறது. 5 விழுக்காட்டு பீர் 330 மில்லிலிட்டர் டின்னில் இருப்பது 16.5 மில்லிலிட்டர். அதாவது, ஒரு கிளாஸ் ஃபிஸ் ஒரு டின் பீரைவிடச் சற்றுக் கூடுதல். கண் மதிப்பில் இரட்டிப்பாக ஊற்றினால் இரண்டு டின்னைத் தாண்டிவிடும். குடிப்பவருக்கு அது எலுமிச்சைச் சாறு போலவே தோன்றும்.

மலேசியாவில் வாகனமோட்டிகளுக்கான வரம்பு 2020 அக்டோபர் முதல் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் முதல் முறையே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும், ஈராண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். சிங்கப்பூரில் வரம்பு 80 மில்லிகிராம். வரம்பைக் கணக்குப் போட்டுக் குடிப்பதைவிட, குடித்தவர் வண்டிச் சாவியைத் தொடாமல் இருப்பதே சரி. விருந்தளிப்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. மலேசியாவில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கும் சிங்கப்பூரில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கும் மது விற்கக்கூடாது என்பது சட்டம். வீட்டிலும் அதையே கடைப்பிடிப்பது நல்லது.

மலிவு மதுவுக்கு மயங்காதீர்கள்

எலுமிச்சையும் சீனியும் மோசமான மதுவின் வாடையையும் மறைத்துவிடும். எனவே ஜின்னை உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். மலேசியாவில் போத்தலில் சுங்கத்துறையின் வரி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மெத்தனாலை முகர்ந்தோ சுவைத்தோ கண்டுபிடிக்க முடியாது. சில மணி நேரம் கழித்து, சில வேளைகளில் மறுநாள்தான் அறிகுறிகள் தெரியும். கடும் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல் ஏற்பட்டால் ‘போதை தெளிந்தால் சரியாகிவிடும்’ என்று படுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், நல்ல முட்டை, வரி முத்திரை உள்ள போத்தல், அளந்து ஊற்றும் பழக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் ஜின் ஃபிஸ் வீட்டிலேயே நன்றாக வரும். ஒருவருக்கு ஒரு கிளாஸ் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குமேல் கேட்போருக்கு அன்னாசி நுரைப் பானத்தைக் கொடுங்கள்.