அலையில் அவிழ்ந்த கட்டுமரம்

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கடலோரமாகப் புகையிரதத்திற் செல்வோர் வைகாசி, ஆனி மாதங்களில் சன்னலைச் சாத்திக்கொள்வது வழக்கம். சோளகக் காற்று வீசுங் காலத்தில் அலைகள் கரைக் கற்களில் மோதித் தெறிக்கும் நீர் பெட்டிக்குள்ளும் வந்துவிடும். அம்மாதங்களில் மேல் கரையிற் சிறு கலங்கள் கடலில் இறங்குவது அரிது. நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய பகுதி மீனவருட் பலர் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து வாடியமைத்துத் தொழில் செய்வதும் இதன் பொருட்டே. பெயராது நின்றவரின் கலங்களைக் காற்று சோதித்துப் பார்க்கும்.

அவ்வாறு அடிபடுங் கலங்களுள் மிக எளியது கட்டுமரம். ஈழத்து மீனவர் இதனைத் தெப்பம் என்றும் வழங்குவர். நேயர்களே, இது புயலில் உடைந்த பின் எவ்வாறு மீட்கப்பட்டது, எவ்வாறு செப்பனிடப்பட்டது என்பதைச் சிறிது நோக்குவோம்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட தம் பயண நூலிற் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்துள்ளார். அதன்பின் அச்சொல் ஆங்கிலத்தில் நிலைத்தது. ஆனால் 1876இல் நத்தானியேல் எரசோவ் என்ற அமெரிக்கர் இரண்டு ஒடுங்கிய ஓடங்களை இணைத்து ஒரு பாய்க்கலம் சமைத்து, நியூயோர்க்குப் போட்டியில் ஓடவிட்டதன் பின்னர், அப்பெயர் இரட்டை ஓடத்துக்கே உரியதாயிற்று. இன்று கொழும்புத் துறைமுகத்தில் நிற்கும் உல்லாசப் படகொன்றை அப்பெயராற் சுட்டும்போது, அது நம் கரையிற் பிறந்த சொல் என்பதை நினைப்பவர் எத்துணைப் பேர்?

கட்டுமரத்துக்கு உள்ளறை இல்லை, பலகை இல்லை, ஆணியும் இல்லை. இலேசான மரத்துண்டுகள் சிலவற்றைச் செதுக்கி, அருகருகே கிடத்தி, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டைகள் வைத்துக் கயிற்றாற் பிணைப்பர். நடுமரம் சற்றுத் தாழ்ந்தும், ஓரமரங்கள் உயர்ந்தும் இருக்கும். தமிழகத்துக் கரைகளில் தணக்கு, மலைவேம்பு முதலிய மரங்கள் இதற்கு உகந்தனவாகக் கொள்ளப்பட்டன. வேலை முடிந்து கரையேறியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தோளிற் சுமந்து மேட்டிற் காயவிடுவர். நீரில் ஊறிய மரம் பாரமாகித் தாழும். உலர்ந்த மரமே மிதக்கும். ஆகவே நாள்தோறும் பிரிப்பதும் நாள்தோறும் கட்டுவதும் இத்தொழிலின் ஒரு பகுதி.

இங்கேதான் அதன் சிறப்பு அமைந்துளது. பலகைத் தோணி உடைந்தால் நீர் புகுந்து ஆழ்ந்துவிடும். கட்டுமரத்தில் நீர் புகுவதற்கு இடமே இல்லை. ஏற்கெனவே அது நீருக்குத் திறந்தே கிடப்பது. பெருங்காற்றில் அலை மோதிக் கயிறு அறுந்தால், கலம் மூழ்குவதில்லை, அவிழ்ந்துபோகிறது. மீனவன் தன் கையால் அந்தியில் செய்யும் வேலையைக் கடல் முரட்டுத்தனமாகச் செய்துவிட்டது, அவ்வளவே. மரங்கள் மிதந்து எங்கேனும் கரையொதுங்கும். புயல் ஓய்ந்தபின் கரைவழியே நடந்து அவற்றைத் தேடுவதே மீட்பின் முதற்படி. ஒவ்வொரு மரமும் தன் அயல் மரத்தோடு பொருந்துமாறு செதுக்கப்பட்டிருத்தலால், வேற்று மரம் அவ்விடத்தில் இசையாது. பொருந்துவதைக் கொண்டே தன்னுடையதை அறியலாம்.

கிடைத்த மரங்களை உலரவிட்டு, சிம்பாய்ப் பிளந்த முனையைச் செதுக்கி, தொலைந்ததற்கு ஈடாக ஒன்றை வெட்டிப் பழைய வளைவுக்கு இசைவாக்கி, புதுக் கயிறு கொண்டு இறுக்கினாற் கலம் மீண்டும் கலமாகும். முழுவதையும் கைவிட வேண்டிய நிலை அரிது.

ஆணியின்றிக் கயிற்றை நம்புவது பேதைமை அன்றோ எனக் கேட்பவர் உளர். 1947இல் நோர்வே நாட்டவரான தோர் ஐயர்டால், ஒன்பது பல்சா மரங்களைக் கயிற்றாற் கட்டிய கொன்-டிக்கி என்னும் தெப்பத்தில் பெருவிலிருந்து பசிபிக்கைக் கடக்கப் புறப்பட்டபோதும் இதே ஐயம் எழுந்தது. உராய்வில் கயிறு சில வாரங்களில் அறுந்துவிடும் என்றனர். நடந்ததோ வேறு. மெல்லிய மரத்தினுட் கயிறு பதிந்து, மரமே கயிற்றுக்குக் காவலாயிற்று. 101 நாட்களின் பின் இராரோயாப் பவளத்திட்டில் மோதிச் சிதைந்த அத்தெப்பமும் மீட்கப்பட்டு, இன்று ஒசுலோ அருங்காட்சியகத்தில் உள்ளது.

கல்லாற் கட்டியவை இதனினும் உறுதியென்று நாம் எண்ணுவதுண்டு. கொட்டாஞ்சேனை மேட்டிலிருந்து தெரியும் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875ஆம் ஆண்டு திசெம்பர் 8ஆந் தேதி வேல்சு இளவரசர் முதற்கல் நாட்டினார். 1885இல் அது முடிவுற்றது. அதே 1875 திசெம்பரில் சென்னைத் துறைமுகத்துக்கும் அவரே கல் நாட்டினார். சென்னைச் சுவர்கள் முடிவுறும் தறுவாயில் இருந்தபோது, 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைப் பெயர்த்தெறிந்தது. அவற்றை மீளக் கட்டி முடிக்கப் பத்தாண்டுகளுக்கு மேற் சென்றன. மீனவனின் மரமோ கயிறு கிடைத்த அளவில் மீண்டும் நீரில் இறங்கவல்லது. அளவு வேறு, பயன் வேறு என்பது மெய்யே. எனினும் புயலுக்குப் பின் ஏழை வீட்டில் எண்ணப்படுவது ஆண்டுகள் அல்ல, அடுப்பு எரியாத நாட்கள்.

இவ்வாறு சொல்வதாற் பழைமையைப் பொன்னாக்க நினைக்கிறேன் என எவரும் கொள்ளவேண்டா. கட்டுமரத்தில் ஏறியவன் இடுப்பளவு நனைந்தே இருப்பான்; தொலைவு செல்வது கடினம்; மீனை வைக்கவும் இடமில்லை. தகுந்த மரமும் அருகிவிட்டது. 1950களின் பிற்பகுதியிலிருந்து இலங்கையில் இயந்திரப் படகுகள் பரவின. பின்னர்க் கண்ணாடி நார்ப் படகுகள் வந்தன. அவற்றை மீனவரே விரும்பி ஏற்றனர்.

மீட்பின் கணக்கு மாறியது அப்போதுதான். 1964 திசெம்பரில் வட பகுதியைத் தாக்கித் தனுசுகோடியை அழித்த புயலிலும், 1978 நவம்பர் 23ஆந் தேதி மட்டக்களப்பைச் சிதைத்த புயலிலும் எத்தனையோ கலங்கள் அழிந்தன. 2004 திசெம்பர் 26இன் ஆழிப்பேரலை இலங்கை மீன்பிடிக் கலங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றை அழித்தோ சேதப்படுத்தோ சென்றது. உதவியாளர் படகுகளை எண்ணிக் கொடுத்தனர். கொடுத்தவற்றுட் சில கடலுக்கே தகுதியற்றவை என்ற குறையும் எழுந்தது. தமிழகக் கரையில் அதன்பின் கட்டுமரங்கள் பெரிதும் குறைந்து, நார்ப்படகுகள் பெருகின. எண்ணிக்கை நிறைந்தது, தன் கையாலேயே செப்பனிடும் ஆற்றல் அவ்வளவில் நிறைந்ததா என்பது என் ஐயம்.

நார்ப்படகு வெடித்தால் கயிறு உதவாது. உடைந்த விளிம்பைத் தேய்த்து, ஈரம் அறவே நீங்க உலர்த்தி, கண்ணாடி நார்ப் பாயை அடுக்கி, பிசினையும் அதனை இறுக்கும் மருந்தையும் உரிய அளவிற் கலந்து பூசவேண்டும். ஈரம் எஞ்சினால் ஒட்டு நில்லாது. பிசின் கடையில் விலைகொடுத்து வாங்கற்பாலது; புயலுக்கு மறுநாளோ கடையும் இல்லை, விலையும் இல்லை. மேல் கரையில் இப்பொழுது ஒருவர் ஏறும் சிறு நார்க்கலங்களும் உள. மரம் ஒன்றும் அதில் இல்லை, கட்டும் இல்லை. எனினும் மீனவர் அதனையும் தெப்பம் என்றே அழைக்கின்றனர்.