ஒடிஞ்ச அம்பும் கொல்லன் பட்டறையும்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வில்வித்தை பற்றி எழுதின ஒரு பதிவுல, "அம்பு என்பது அந்தக் காலத்துத் தோட்டா, விட்டா விட்டதுதான்" என்று ரொம்பத் தெளிவா ஒரு வரி எழுதியிருந்தேன். ஒருத்தர்கூட மறுத்துப் பின்னூட்டம் போடலை. (படிச்சாத்தானே போடறதுக்கு என்று நீங்க முணுமுணுக்கிறது கேக்குது.) அந்த வரி தப்பு மக்களே. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

ஆணி புடுங்கற வேலை இல்லாத ஞாயித்துக்கிழமைகளில் வில் பழகப் போறேன். எல்லாரும் கார்பன் அம்பு வெச்சிருக்க, நான் மட்டும் மரவில், மர அம்பு. மொத்தம் ஆறு வாங்கினேன். போன மாசம் ஒரே நாளில் ரெண்டு காலி. ஒண்ணு இலக்கைத் தாண்டிப் போய்ச் சுவத்துல மோதி, முனைக்கு நாலு விரக்கடை பின்னாடி ஒடிஞ்சது. இன்னொண்ணுல நீளவாக்கில் ஒரு கீறல். சொல்லிக்கொடுக்கிறவர் ரெண்டையும் பார்த்துட்டு, "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குப்பா" என்றார்.

மனசு வரலை. மறைமலை நகரில் நான் குடியிருக்கிற தெருவில் தச்சு வேலை செய்யற பெரியவர் ஒருத்தர் இருக்கார். இப்பல்லாம் ரெடிமேட் கதவுக்குக் கீல் மாட்டறதுதான் அவருக்கு முக்கால்வாசி வேலை. அவர்கிட்ட கொண்டுபோனேன்.

"இன்னா தம்பி, வில்லு வுடற வயசா இது?"

"பொழுதுபோக்குக்குங்க ஐயா. இதை ஒட்ட முடியுமா?"

ஒடிஞ்சதை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைரம் பாய்ந்த வேலமரத்துல ஒரு சின்னத் துண்டு எடுத்து, அதை ரம்பத்தால் நடுவில் பாதி தூரம் பிளந்தார். அம்போட ஒடிஞ்ச முனையை ரெண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கி, அந்தப் பிளவுக்குள்ள சொருகி, பசை தடவி நூலால் இறுக்கிக் கட்டி வெச்சார். மறுநாள் வந்து பார்த்தா, இழைச்சுத் தேய்ச்சு உருட்டி வெச்சிருந்தார். கறுத்த மரமும் வெளுத்த மரமும் சேர்ற இடத்தில் ஒரு அழகான கூர்முனை. அந்தக் காலத்துல வண்டிக்கும் ஏருக்கும் இப்படித்தான் ஒட்டு வெப்போம் என்றார்.

கீறல் விட்டதை மட்டும் திருப்பிக் கொடுத்துட்டார். "இது வேணாம் தம்பி. கையக் கிழிச்சிரும்."

அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேட ஆரம்பிச்சேன். அவர் பண்ணின அதே ஒட்டு, ஐரோப்பிய வில்லாளிகளும் காலங்காலமா பண்ணினது! 1545-ல் ரோஜர் ஆஸ்கம் என்கிற இங்கிலாந்து வாத்தியார் 'டாக்சோஃபிலஸ்' என்று வில்வித்தைக்கு ஒரு புத்தகம் எழுதி எட்டாம் ஹென்றி ராஜாவுக்குக் கொடுத்தார். அதில் அம்போட முன்பக்கம் கனமான மரத்தை ஒட்டுறதைப் பற்றி எழுதியிருக்கார். காரணம் ரெண்டு. கல்லிலோ எலும்பிலோ மோதும்போது முனை நின்னுடும், பின்னாடி வர்ற தண்டு நிக்காது. அந்த வேகம் முழுக்க முனைக்கு நேர் பின்னாடி இறங்கி அங்கேதான் ஒடியும். அந்த இடத்துல கெட்டி மரம் இருந்தா தாங்கும். இன்னொண்ணு, முன்பக்கம் கனமானா பின்பக்க இறகோட சமநிலை சரியா வரும். அதனால புது அம்புக்கே சிலர் இப்படி ஒட்டினாங்க. ஒடிஞ்சா மறுபடி சீவி மறுபடி ஒட்டு.

அதே 1545-ல் மூழ்கின 'மேரி ரோஸ்' போர்க்கப்பலை 1982-ல் கடலிலிருந்து தூக்கினாங்க. அதுக்குள்ள மூவாயிரத்துக்கும் மேல் அம்புகள் கிடைச்சுது. சேறு மூடிக் காப்பாத்தினதால்தான் மரம் மிஞ்சிச்சு. இது முக்கியம், கடைசியில் திரும்ப வரேன்.

இன்னும் பின்னாடி போவோம். 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைச்ச 'ஓட்ஸி', சுமார் 5300 வருஷத்துக்கு முந்தின மனுஷன். அவர் அம்பறாத்தூணியில் 14 அம்பு. அதில் முனையும் இறகும் வெச்சு முடிச்சது ரெண்டே ரெண்டு, ரெண்டுமே ஒடிஞ்சது! மீதி 12 பாதி வேலையில் நிக்குது. முடிச்ச ரெண்டில் ஒண்ணு, தனியா ஒரு முன்துண்டு சொருகின ஒட்டு அம்பு. கல்முனையைச் சீர்பண்ண, கட்டைக்குள்ள மான்கொம்பு சொருகின ஒரு சின்னக் கருவியும் கூட இருந்தது. ஒடிஞ்ச அம்பைத் தூக்கிப் போடாம மலை உச்சி வரைக்கும் சுமந்துக்கிட்டுப் போயிருக்கார் மனுஷன். நான் என்னடான்னா தோட்டாவாம்!

சரி, நம்ம பக்கம் வருவோம். கண்டி ராஜாகிட்ட 1660-லிருந்து 1679 வரைக்கும் கைதியா இருந்து தப்பின ராபர்ட் நாக்ஸ், 1681-ல் இலங்கை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வேடர்களைப் பற்றி ஒரு அருமையான சேதி. அவங்களுக்கு இரும்பு உருக்கத் தெரியாது. அம்புமுனை வேணும்னா, ராத்திரியில் கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்க விட்டுட்டு, பக்கத்துலயே ஒரு இலையைத் தனக்கு வேண்டிய முனையோட வடிவத்துல வெட்டி மாட்டிட்டுப் போயிடுவாங்களாம். கொல்லன் அந்த அளவுக்குச் செஞ்சு கொடுத்தா, இன்னும் இறைச்சி வரும். முகம் பார்க்காத வியாபாரம். இலைதான் வரைபடம்.

இதுல யோசிக்க ஒரு விஷயம் இருக்கு. வேடனுக்குத் தண்டு காட்டில் கிடைக்கும், நாளைக்கே இன்னொண்ணு சீவிக்கலாம். முனைக்குத்தான் ஒரு சுமை இறைச்சி. ஆக அவன் தேடிப் பொறுக்கிக் காப்பாத்தறது இரும்பை. ஆஸ்கம் காலத்து இங்கிலாந்துக்காரன் ஒட்டுப் போட்டுக் காப்பாத்தறது தண்டை. அந்தமானில் வடக்கு சென்டினல் தீவுக்காரங்க, 1981-ல் அங்கே தரைதட்டின 'பிரிம்ரோஸ்' கப்பலோட இரும்பை எடுத்து அம்புமுனை ஆக்கிக்கிட்டாங்க. பெரிய அந்தமான் பழங்குடிகளோட பன்றி அம்பு இன்னும் சுவாரசியம். குத்தினதும் முனை கழண்டுக்கும், ஆனா ஒரு வாரால் தண்டோட கட்டியிருக்கும். பன்றி ஓடும்போது தண்டு புதரில் சிக்கி நிறுத்திடும். பன்றியும் ஆச்சு, தண்டும் ஆச்சு. எதை ரிப்பேர் பண்றாங்க என்று பார்த்தா, அந்த ஊருக்கு எது பஞ்சம் என்று தெரிஞ்சுடும்.

நம்ம கதைகளையும் இப்படிப் படிச்சுப் பார்த்தேன். காண்டவ வனத்தை எரிக்கறதுக்கு முன்னாடி அர்ச்சுனனுக்குக் கிடைச்சது எடுக்க எடுக்கக் குறையாத அம்பறாத்தூணி. வால்மீகியில் இராவணனைக் கொன்ன பாணம் வேலை முடிஞ்சு தூணிக்கே திரும்பி வந்துடுது. நிஜத்துல தூணி காலியாகும், போன அம்பு திரும்பாது என்று தெரிஞ்ச வில்லாளி கண்ட கனவு இது. புறநானூறு 152-ல் வன்பரணர் பாடின வல்வில் ஓரி ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி எல்லாத்தையும் துளைச்சுக் கடைசியில் புற்றுக்குள்ள இருக்கிற உடும்பு வரைக்கும் அடிப்பார். சின்ன வயசில் "ஆஹா" என்று படிச்சேன். இப்போ தோணுறது, அந்த அம்பைப் புற்றுக்குள்ள கைவிட்டு எடுத்தது யாரு?

வளைஞ்ச அம்பை நிமிர்த்தறதுக்கும் குறிப்பு இருக்கு. பௌத்தர்களோட மகாஜனக ஜாதகத்தில் அம்பு செய்யறவன் ஒருத்தன் வர்றான். அம்பைத் தணலில் காட்டி, புளிச்ச கஞ்சியால் நனைச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு மறு கண்ணால் நேர்பார்த்து நிமிர்த்தறான். சூடும் ஈரமும் பட்டா மூங்கிலும் மரமும் இளகிக் கொடுக்கும். நம்ம பெரியவரும் ஒட்டின அம்பை அதே மாதிரி ஒரு கண்ணை மூடித்தான் பார்த்தார்.

அர்த்தசாஸ்திரத்தில் ஆயுதசாலை அதிகாரிக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. அம்புமுனை இரும்பிலும், எலும்பிலும், மரத்திலும் இருக்கலாம் என்கிறது. ஆயுதங்களை அடிக்கடி இடம் மாத்தி வெயிலில் காட்டணுமாம். இந்த வேலையைச் செய்யறதுக்குச் சம்பளத்துக்கு ஆள் இருந்திருக்காங்க.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது புறநானூறு 95. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமான்கிட்ட தூது போறாங்க. அவன் ஆயுதச்சாலையைப் பெருமையாத் திறந்து காட்டறான். ஔவை நிதானமாச் சொல்றாங்க: உன்னோடதெல்லாம் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவல் வீட்டில் பத்திரமா இருக்கு. எங்காளோடது எதிரியைக் குத்திக் குத்தி நுனி சிதைஞ்சு கொல்லன் பட்டறையிலேயே கிடக்கு. வேல் பற்றின பாட்டாத்தான் சொல்வாங்க, அம்புக்கும் அது பொருந்தும். நம்ம மறைமலை நகர் தொண்டை நாட்டுக்குள்ள வருது. ஆக, ரெண்டாயிரம் வருஷமா கிண்டல் வாங்கிட்டிருக்கிறது நம்ம ஏரியா ராஜாதான் :-) ரிப்பேருக்குப் போன ஆயுதம்தான் வேலை செஞ்ச ஆயுதம் என்று அப்பவே சொல்லிட்டாங்க.

இப்போ அந்தச் சேறு விஷயம். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டினப்போ இரும்பு அம்புமுனைகள் கிடைச்சுது. தண்டு? நம்ம மண்ணிலும் வெயிலிலும் கரையானிலும் மரம் தங்காது. நம்ம மின்சார ரயில் பாதையிலேயே இருக்கிற பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் எடுத்தது கல் கருவி. கல்லு தங்கும், இரும்பு துருவா மிஞ்சும். தண்டும் இறகும் பசையும் நூலும், அதுல ஒட்டுப் போட்டவன் கைவேலையும் போயே போச்சு. எழும்பூர் மியூசியத்தில் நான் ஒரு துருப்பிடிச்ச முனையைப் பார்த்து "அம்பு" என்று சொல்லிட்டு நகர்ந்திருக்கேன். அது அம்பில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கை மட்டும் பார்த்துட்டுத்தான் தோட்டா என்று எழுதியிருக்கேன்.

பெரியவருக்கு ரெண்டு பிள்ளைங்க, ரெண்டு பேரும் கம்பெனி வேலை. அவர் ஒட்டினதும் எந்த மியூசியத்துக்கும் போகப் போறதில்லை. அதனால இங்கேயாவது எழுதி வெச்சுக்கறேன்.

ஒட்டின அம்பை இதுவரைக்கும் முப்பது தடவைக்கு மேல் விட்டாச்சு, அசையலை. கீறல் விட்டதை மட்டும் மேஜையில் பேனா டப்பாவில் வெச்சிருக்கேன். எதை ஒட்டலாம்ங்கிறதை விட எதை ஒட்டக் கூடாதுங்கிறதுதான் அவருக்குத் தெரிஞ்ச பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

டிஸ்கி 1: மர அம்பு விடறவங்களுக்கு: விடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் மெதுவா வளைச்சுப் பாருங்க, காதில் வெச்சு சத்தம் கேளுங்க, ஒரு துணியால் நீவிப் பாருங்க. சிலும்பு துணியில் மாட்டினாலோ, 'டிக்' என்று சத்தம் வந்தாலோ அது பேனா டப்பாவுக்குத்தான். நாணிலிருந்து கிளம்பும்போது அம்பு வளைஞ்சுதான் போகும். கீறல் இருந்தா வில்லைப் பிடிச்சிருக்கிற கையிலேயே இறங்கிடும்.

டிஸ்கி 2: பழைய பதிவில் அந்த வரியை அழிக்கலை, கோடு போட்டு அடிச்சுக் கீழே திருத்தம் எழுதியிருக்கேன். உங்க ஊர் ஆசாரிங்க இந்த ஆப்பு ஒட்டுக்கு என்ன பேர் சொல்வாங்க? நம்ம பெரியவர் வெறும் "ஒட்டு" என்றுதான் சொன்னார். தெரிஞ்சவங்க பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.