இறையிருப்பு வாதங்கள், கிறித்தவ

கடவுள் உண்டென்பதை மறைநூல் துணையின்றி அறிவால் மட்டும் நிறுவ முயலும் வாதங்கள். தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) ஐந்து வழிகள் வகுத்தார். அவற்றுள் ஆதிகாரண வாதத்தைத் தமிழில் விரித்தவர் இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி. 1606இல் மதுரை வந்து தத்துவ போதகர் எனப் பெயர்பெற்ற இவர், 'ஞானோபதேசம்' என்ற உரைநடை நூலில் சர்வேசுரனின் இலக்கணங்களை வாதித்தார். தமிழ்க் கத்தோலிக்க ஞானோபதேச மரபு கடவுளுக்குச் சொல்லும் ஆறு இலக்கணங்களில் 'தாமாயிருத்தல்' முதலாவது, 'ஆதிகாரணம்' கடைசி. தமிழருக்கு ஆதிகாரண வாதம் புதிதல்ல. தோன்றி அழியும் உலகுக்கு ஒரு கர்த்தா வேண்டுமென்பதே சைவ சித்தாந்தி மெய்கண்டாரின் சிவஞானபோத முதற்சூத்திரமும்.

மற்றொரு வகை, அமைப்பைக் கண்டு ஆக்கியோனை ஊகிக்கும் வாதம். ஆங்கிலேய இறையியலாளர் வில்லியம் பேலி 1802இல் கடிகாரத்தைக் காட்டி, அதற்குச் செய்தவன் இருப்பதுபோல் உலகுக்கும் ஆக்கியோன் உண்டென ஊகித்தார். காஞ்சிபுரத்தை அடுத்த நெசவூரான ஓரிக்கையில் கடிகாரம் எதற்கு? கரையைத் தனி நாடாவால் உடலோடு கோத்து நெய்யும் கோர்வைப் பட்டின் கரையே போதும், நெய்தவர் உண்டென அறிய. ஆனால் கோர்வைத் தறியில் நெசவாளருக்குத் துணையாக மறுகரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். ஆக்கியோன் ஒருவனே என்று எப்படித் தெரியும் என டேவிட் ஹியூமின் நூல் (1779) எழுப்பிய கேள்வி தறியடியில் இன்னும் கூர்மையாகிறது.